மலை இறங்கிக் கடல் கடந்த எண் 19

இந்த இன்ஜினுக்கான தண்டவாள அகலம் 2 அடிதான். 1889இல் கிளாஸ்கோவில் ஷார்ப் ஸ்டூவர்ட் நிறுவனம் கட்டி, டார்ஜிலிங் இமாலய ரயில்வேக்கு அனுப்பியது. ‘பி’ வகுப்பின் மூத்த பிள்ளைகளில் ஒன்று. கொதிகலனின் முதுகில் சேணம்போலக் கவிந்திருப்பது தண்ணீர்த் தொட்டி. நான்கு சக்கரங்களும் இழுவைச் சக்கரங்களே. வண்டியின் முழு எடையும் அவற்றின்மேல் அழுந்துவதால் ஏற்றத்தில் பிடிமானம் கிடைக்கிறது.

முன்னால் இருக்கும் குறுக்குப் பலகையைச் சற்று நின்று பாருங்கள். மலையேறும்போது அதில் இரண்டு பேர் உட்கார்ந்து வருவார்கள். மழையிலும் மூடுபனியிலும் தண்டவாளம் வழுக்கினால், கையால் மணல் தூவுவது அவர்கள் வேலை. நிலக்கரிக் குவியலின் மேல் இன்னொருவர் கட்டிகளை உடைத்துக்கொண்டே வருவார். இப்படித்தான் 2,258 மீட்டர் உயரத்திலுள்ள கூம் நிலையத்தை எட்டினார்கள். இன்ஜினைப் புகழ்பவர்கள் இந்தக் கைகளை மறக்கக் கூடாது.

1962இல் இது அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. அங்கே ஹெஸ்டன் நீராவி அருங்காட்சியகத்தில் இருந்தபோது, 1985இல் கொட்டகையில் பற்றிய தீயிலும் சிக்கியது. பிரிட்டிஷ் ரயில்வே நிர்வாகி ஏட்ரியன் ஷூட்டர் இதை வாங்கி, டைஸ்லி பணிமனையில் சீரமைத்து, ஆக்ஸ்போர்ட்ஷயரில் தம் வீட்டுத் தோட்டத்தில் போட்ட பாதையில் மீண்டும் ஓட்டினார். இந்தியாவை விட்டு வெளியேறிய ‘பி’ வகுப்பு இன்ஜின் இது ஒன்றே. இதன் உடன்பிறப்புகள் சில டார்ஜிலிங் மலையிலேயே புகைவிட்டுக்கொண்டிருக்கின்றன.