காளான் சாறும் பாக்டீரியாவும்: எதிர்ப்பு செல்கள் தூண்டப்படுவதும் அடங்குவதும்

மருத்துவக் காளான்களில் அதிகம் ஆராயப்பட்ட பொருள், அவற்றின் செல் சுவரில் உள்ள பீட்டா குளுக்கான். குளுக்கோஸ் அலகுகள் நீண்ட சங்கிலியாகக் கோக்கப்பட்டு, இடையிடையே கிளை விட்ட பாலிசாக்கரைடு இது. ஷிட்டாகே காளானிலிருந்து ஜப்பானிய ஆய்வாளர் கோரோ சிஹாராவும் அவரது குழுவினரும் பிரித்தெடுத்த 'லென்டினன்' இந்த வகையைச் சேர்ந்தது. 1969இல் அவர்கள் அதை எலிகளின் புற்றுக்கட்டியில் சோதித்து முடிவை வெளியிட்டனர். பின்னர் ஜப்பானில் அது இரைப்பைப் புற்றுநோய்க்கான துணை மருந்தாக, ஊசி வடிவில் அனுமதி பெற்றது. லென்டினன் புற்றுசெல்லை நேரடியாகக் கொல்வதைவிட, உடலின் எதிர்ப்பு செல்களைத் தூண்டியே வேலை செய்கிறது என்ற கருத்து வலுப்பட்டது. அதே செல்கள்தான் பாக்டீரியாவையும் எதிர்கொள்கின்றன.

மனித உடல் பீட்டா குளுக்கானை உருவாக்குவதில்லை. எனவே அது தென்பட்டால், பூஞ்சை உள்ளே வந்துவிட்டது என்பதற்கான அடையாளமாக எதிர்ப்பு செல்கள் எடுத்துக்கொள்கின்றன. மேக்ரோபேஜ், நியூட்ரோபில் போன்ற விழுங்கும் செல்களின் மேற்பரப்பில் உள்ள டெக்டின்-1 என்ற புரதம் இந்த அடையாளத்தைப் படிக்கும் ஏற்பி. ஆக்ஸ்ஃபோர்டில் கோர்டன் பிரவுனும் சைமன் கோர்டனும் 2001இல் இதை அறிவித்தனர். குளுக்கான் ஏற்பியில் ஒட்டியதும் செல்லுக்குள் தொடர் சமிக்ஞை கிளம்புகிறது. செல் அந்தத் துகளை விழுங்குகிறது; கிருமியைச் சிதைக்கும் ஆக்சிஜன் சேர்மங்களை உமிழ்கிறது; டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 முதலிய சைட்டோகைன்களைச் சுரந்து மற்ற செல்களை உஷார்ப்படுத்துகிறது.

குளுக்கானின் வடிவம் இங்கே முக்கியம். நீரில் கரைந்த குளுக்கானும் டெக்டின்-1இல் ஒட்டும்; ஆனால் பெரும்பாலும் சமிக்ஞையைக் கிளப்பாது. துகளாக இருக்கும்போது ஏற்பிகள் ஓரிடத்தில் நெருக்கமாகத் திரள்கின்றன. சமிக்ஞையை அணைக்கும் பாஸ்பேட்டேஸ் நொதிகள் அந்த இடத்திலிருந்து வெளியே தள்ளப்படுகின்றன. அதன் பிறகே செல் முழுமையாக விழிக்கிறது. இந்த வழிமுறை 2011இல் தெளிவானது. இதன்படி, ஒரே காளானிலிருந்து எடுத்த இரு சாறுகள்கூடச் செல்களிடம் வேறு வேறு விளைவைத் தரலாம்.

பாக்டீரியாவை அடையாளம் காண வேறு ஏற்பிகள் உள்ளன. கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள லிப்போபாலிசாக்கரைடை டிஎல்ஆர்-4 உணர்கிறது. பாக்டீரியாவின் லிப்போபுரதங்களை டிஎல்ஆர்-2 உணர்கிறது. டெக்டின்-1உம் டிஎல்ஆர்-2உம் ஒரே நேரத்தில் தூண்டப்படும்போது, தனித்தனியே தூண்டியதைவிட டிஎன்எஃப் சுரப்பு அதிகரிக்கிறது.

குளுக்கானின் தாக்கம் அந்த நேரத்தோடு முடிவதில்லை. நெதர்லாந்தின் மிஹாய் நெட்டியா குழுவினர் இதைப் 'பயிற்சி பெற்ற எதிர்ப்பாற்றல்' என்கின்றனர். குளுக்கானைச் சந்தித்த மோனோசைட் செல்கள், குளுக்கோஸை விரைவாக எரிக்கும் முறைக்கு மாறுகின்றன. மரபணுக்களைத் திறந்து மூடும் வேதிக் குறிகளும் மாறுகின்றன. சில நாள் கழித்து வேறொரு கிருமி வந்தால் அவை கூடுதல் வேகத்துடன் எதிர்வினை புரிகின்றன. இப்படிப் பயிற்றப்பட்ட எலிகள் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தொற்றைச் சிறப்பாகத் தாங்கியதாக 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. அதில் பயன்பட்டது காளானின் குளுக்கான் அல்ல, கேண்டிடா பூஞ்சையுடையது. இரண்டின் அடிப்படை அமைப்பும் ஒத்தது. கிளைகளின் நீளமும் அடர்த்தியும் மாறுபடும்.

காளான் சாற்றையே சோதித்த ஆய்வுகளில் நார்வேயில் நடந்தவை குறிப்பிடத்தக்கவை. பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட அகாரிகஸ் பிளேசை காளானின் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்து, பிறகு நிமோகாக்கஸ் பாக்டீரியாவைச் செலுத்தினர். சாறு பெற்ற எலிகளின் ரத்தத்தில் பாக்டீரியா குறைவாக இருந்தது; பிழைத்தவையும் அதிகம். சாற்றுக்குப் பாக்டீரியாவை நேரடியாகக் கொல்லும் திறன் இல்லை என்பதால், இந்தப் பலன் எதிர்ப்பு செல்களின் வழியே வந்தது எனக் கொள்ளப்பட்டது. இந்தக் காளானை முதன்மையாகக் கொண்ட சாறு, சோதனைக் குழாயில் மனித ரத்தத்துடன் கலந்தபோது சைட்டோகைன்களைப் பெருக்கியது. ஆனால் ஆரோக்கியமானவர்கள் அதைச் சில நாள் அருந்தியபோது, அவர்களின் ரத்தத்தில் டிஎன்எஃப் உள்ளிட்ட சில சைட்டோகைன்கள் குறைந்தன. பெரிய குளுக்கான் மூலக்கூறுகள் குடலிலிருந்து ரத்தத்துக்கு எளிதில் செல்வதில்லை. அழற்சியைத் தணிக்கும் சிறு மூலக்கூறுகள் செல்கின்றன என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம்.

அத்தகைய சிறு மூலக்கூறுகள் பல காளான்களில் உண்டு. ரீஷி காளானின் ட்ரைடெர்பீன்களும், கார்டிசெப்ஸின் கார்டிசெபினும், லிப்போபாலிசாக்கரைடால் தூண்டப்பட்ட மேக்ரோபேஜ்களின் அழற்சிச் சுரப்பை ஆய்வகத்தில் குறைக்கின்றன. பாலிசாக்கரைடுகள் வெந்நீரிலும், ட்ரைடெர்பீன்கள் ஆல்கஹாலிலும் நன்கு பிரிகின்றன. ஆகவே ரீஷியின் வெந்நீர்ச் சாறு செல்களைத் தூண்டுவதும், ஆல்கஹால் சாறு அடக்குவதும் முரண் அல்ல.

இத்தகைய ஆய்வுகளில் ஒரு சிக்கல் அடிக்கடி எழுகிறது. காளான் சாற்றில் பாக்டீரியாவின் லிப்போபாலிசாக்கரைடு சிறிதளவு கலந்திருந்தாலே மேக்ரோபேஜ்கள் கிளர்ந்துவிடும். அந்த விளைவு காளானின் கணக்கில் சேர்ந்துவிடும். மாசைக் கண்டறிய, குதிரைலாட நண்டின் ரத்த செல்களிலிருந்து தயாரிக்கும் சோதனைப்பொருள் பயன்படுகிறது. அதுவோ பீட்டா குளுக்கானுக்கும் உறைகிறது. எனவே குளுக்கான் வழியை முடக்கிய சிறப்புச் சோதனை தேவைப்படுகிறது.

மனிதர்களில் பாக்டீரியா தொற்றைத் தடுக்கும் சான்று இன்னும் வலுவாக இல்லை. ஈஸ்ட் குளுக்கானை ஊசியாகச் செலுத்தி, வயிற்று அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் நடத்திய பெரிய சோதனையின் முடிவு 1999இல் வெளியானது. ஒட்டுமொத்தமாகக் கடுமையான தொற்றோ இறப்போ குறையவில்லை. தூண்டுதல் எப்போதும் நன்மையும் அல்ல: தன் உடலையே தாக்கும் எதிர்ப்பு நோய் உள்ளவர்களும், உறுப்பு மாற்றத்துக்குப் பின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உட்கொள்பவர்களும் இத்தகைய சாறுகளை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. பாக்டீரியா தொற்று ஏற்பட்டவருக்கு எந்தக் காளான் சாறும் ஆன்டிபயாடிக்குக்கு மாற்றாகாது.