இரு கருவிகளுக்கு ஒரே ரிமோட்



வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில், பகற்பொழுதில் தமிழ் பேசும் துணை தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றுதான். பிள்ளைகள் பள்ளிக்கும் மற்றையோர் அலுவலகத்திற்கும் சென்றபின் வீட்டில் தனித்திருக்கும் முதியவருக்கு, அண்டை வீட்டாரின் மொழி விளங்குவதில்லை. அந்தத் துணையும் வாய்மூடிவிட்டால் அவர் நிலை என்ன?

டில்லியில் எனது இல்லத்தில் நேர்ந்ததையே கூறுகிறேன். இணைய வழியாகத் தமிழ் நிகழ்ச்சிகளைத் தரும் 'ஸ்டிக்' என்னும் சிறு கருவியைத் தொலைக்காட்சியின் பின்புறம் பொருத்தினேன். அன்று முதல் மேசைமீது இரண்டு ரிமோட்டுகள் இருந்தன: ஒலியைக் கூட்டக் குறைக்க ஒன்று, நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்க மற்றொன்று. ஒருநாள் மாலை நான் திரும்பியபோது, 'சிக்னல் இல்லை' என்று பொருள்படும் ஆங்கில வாசகம் மட்டும் திரையில் நின்றது. காலை 11 மணியளவில் ஒலியைக் கூட்ட எண்ணிய என் தாயார் வேறொரு விசையை அழுத்திவிட்டார். “வேலை நேரத்தில் உன்னைக் கூப்பிடுவானேன் என்று இருந்துவிட்டேனப்பா” என்றார். அன்றுதான் இப்பொருளைக் கற்க முனைந்தேன்.

தொலைவிலிருந்து ஏவும் இக்கருவி புதியதன்று. 1955-இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் ஒளிக்கற்றையால் இயங்கும் ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. சூரிய ஒளி பட்டாலும் பெட்டி ஏமாந்து போயிற்று. அடுத்த ஆண்டு அந்நிறுவனத்தின் அறிஞர் ராபர்ட் ஆட்லர், அலுமினியத் தண்டைத் தட்டிச் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பும் கருவியை அமைத்தார். இன்றைய தொலைக்காட்சி ரிமோட்டுகளில் பெரும்பாலானவை கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை, வழக்கமாக நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கச் செய்து ஆணைகளை அனுப்புகின்றன. இவ்வொளி சுவரை ஊடுருவாது. ஆதலால் ரிமோட்டைப் பெட்டியை நோக்கிப் பிடித்தல் வேண்டும்.

ஸ்டிக்கின் ரிமோட்டோ பெரும்பாலும் புளூடூத் என்னும் வானலை வழியே பேசுகிறது. ஸ்டிக், பெட்டியின் பின்னால் மறைந்திருப்பினும் அதன் ஆணை சென்று சேரும். ஒன்று ஒளியால் பேச, மற்றொன்று அலையால் பேசுகிறது. ஆகவேதான் ஒன்றின் ஆணை மற்றொன்றுக்கு விளங்குவதில்லை. இவற்றை இணைக்க இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, ஒளி வழி. ஃபயர் டிவி ஸ்டிக் போன்ற கருவிகளோடு இக்காலத்தில் வரும் ரிமோட்டில், புளூடூத்துடன் அகச்சிவப்பு விளக்கும் உண்டு. ஸ்டிக்கின் அமைப்புப் பக்கத்தில் தொலைக்காட்சியின் நிறுவனப் பெயரைத் தெரிவித்தால், அப்பெட்டிக்குரிய ஆணைகளை அந்த ரிமோட் ஏற்றுக்கொள்ளும். அதன்பின் ஒலியைக் கூட்டவும், பெட்டியை இயக்கவும் நிறுத்தவும் அந்த ரிமோட்டே போதும்.

இரண்டாவது, கம்பி வழி. ஸ்டிக்கைச் செருகும் எச்.டி.எம்.ஐ. துளையில் 19 முனைகள் உள்ளன. அவற்றுள் 13-ஆவது, படத்தையோ ஒலியையோ கொண்டு செல்வதில்லை. கருவிகள் தமக்குள் ஆணைகளைப் பரிமாறிக்கொள்ளவே அது ஒதுக்கப்பட்டுள்ளது. இம்முறைக்குச் சி.இ.சி. என்று பெயர். இதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 400 பிட்டுகளே. படம் செல்லும் வழி நெடுஞ்சாலை எனில், இது அதன் ஓரத்து ஒற்றையடிப் பாதை. ஆயினும் 'விழித்தெழு', 'என் பக்கம் திரும்பு' என்னும் சிறு ஆணைகளுக்கு அது போதும்.

இங்கே ஓர் இடர் உண்டு. சொற்களைப் பெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட என்னையும் அது திகைக்க வைத்தது. இம்முறையைச் சாம்சங் நிறுவனம் ஆனிநெட் பிளஸ் என்கிறது, எல்.ஜி. நிறுவனம் சிம்பிளிங்க் என்கிறது. சோனி நிறுவனம் பிராவியா சிங்க் என்கிறது. பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே. தொலைக்காட்சியின் அமைப்புப் பக்கத்திலும் ஸ்டிக்கின் அமைப்புப் பக்கத்திலும் இதனை இயங்கச் செய்தல் வேண்டும். ஒன்றில் மட்டும் செய்தால் பயனில்லை.

இனி, எந்த ரிமோட்டை வைத்துக்கொள்வது? கம்பி வழி அமைந்தால், தொலைக்காட்சி ரிமோட்டின் அம்பு விசைகளே பெரும்பாலும் ஸ்டிக்கையும் நடத்தும். ஆனால் அதிலுள்ள 'ஹோம்' விசை பொதுவாகத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்திற்கே இட்டுச் செல்லும். முதியவர் அங்கே வழி தவறுவார். ஸ்டிக்கின் ரிமோட்டில் விசைகள் சில; அதன் 'ஹோம்' விசை எப்போதும் ஸ்டிக்கின் முகப்பையே காட்டும். சி.இ.சி. இயங்கும் இணைப்புகள் பலவற்றில், அந்த விசையை அழுத்தியதும் தொலைக்காட்சியும் ஸ்டிக்கின் பக்கம் திரும்பிவிடும். ஆகவே இரு வழிகளையும் அமைத்துவிட்டு, ஸ்டிக்கின் ரிமோட்டைக் கையில் கொடுப்பதே நலம் என்பது என் அனுபவம்.

மேலும் மூன்று செய்திகளை நினைவிற் கொள்க. ஸ்டிக்குக்குரிய மின்சாரத்தைத் தொலைக்காட்சியின் யு.எஸ்.பி. துளையிலிருந்து எடுக்காமல், உடன் வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகுக. இல்லையேல் பெட்டி அணையும்போது ஸ்டிக்கும் அணையக்கூடும்; மறுமுறை அது எழும்வரை கறுத்த திரையே காணப்படும். தொலைக்காட்சி ரிமோட்டை எறிந்துவிடாமல் இழுப்பறையில் வைத்திருங்கள். அமைப்பை மாற்ற அது தேவைப்படும். ஸ்டிக் ரிமோட்டுக்கு மாற்றுப் பேட்டரிகளையும் வாங்கி வைத்திருங்கள்.

அமைத்து முடிந்ததும், தவற்றை நீங்களே வேண்டுமென்று செய்து பாருங்கள். பெட்டியை வேறு துளைக்கு மாற்றிவிட்டு, 'ஹோம்' விசை மீட்டுத் தருகிறதா என்று காணுங்கள். பின்னர் அதனையே முதியவரைக் கொண்டு இரண்டு மூன்று முறை செய்வியுங்கள். வழி தவறினாலும் திரும்பி வர ஒரு விசை உண்டு என்ற துணிவே அவருக்கு வேண்டுவது.

என் தாயாரின் ரிமோட்டில் அந்த விசைக்கு மேலே 'வீடு' என்று தமிழில் எழுதிய சிறு தாளை ஒட்டியிருக்கிறேன். இப்போதும் அவர் சில வேளைகளில் தவறான விசையை அழுத்துவதுண்டு. ஆனால் மாலை வரையில் காத்திருப்பதில்லை.