உலாவி திறக்கிறது, உரைத்திருத்தி மறுக்கிறது: புரொக்ஸி கேட்கும் பெயரும் கடவுச்சொல்லும்

விடுமுறைக்கு விடத்தல்தீவு வந்திருந்த மாணவி ஒருவர் மடிக்கணினியை என் முன் வைத்தார். "அக்கா, கம்பஸில உலாவியில எல்லாம் திறக்குது. சப்லைம் டெக்ஸ்ட்டில மட்டும் ஒரு நீட்சியும் இறங்குதில்லை." அவர் எடுத்து வைத்திருந்த திரைப்படத்தில் 407 என்ற பிழை எண் தெரிந்தது.

நீங்கள் யாரென்று சொல்லாமல் வெளியே போக முடியாது என்பதே 407இன் பொருள். பல வளாகங்களிலும் அலுவலகங்களிலும் இணையத்துக்கான கோரிக்கைகள் புரொக்ஸி சேவையகம் ஒன்றின் ஊடாகவே வெளியேறுகின்றன. போர்க்காலத்தில் மன்னார் வீதிகளில் பயணித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெயரைச் சொல், பதிவேட்டில் ஏறட்டும், பிறகு போ. உலாவி அந்தப் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. உரைத்திருத்திக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சப்லைமில் நீட்சிகளை இறக்கும் பேக்கேஜ் கொன்ட்ரோலின் அமைப்புக் கோப்பில் இதற்கு நான்கு வரிகள் உண்டு: சாதாரண இணைப்புக்கும் பாதுகாப்பான இணைப்புக்கும் புரொக்ஸி முகவரி, பயனர்பெயர், கடவுச்சொல். மாணவி முதல் இரண்டை மட்டும் நிரப்பியிருந்தார். விஷுவல் ஸ்ரூடியோ கோட்டில் முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால் போதும், பெயரையும் கடவுச்சொல்லையும் அதுவே பெட்டி திறந்து கேட்கும். கிற் போன்ற கருவிகளுக்கு மூன்றையும் ஒரே முகவரியாகக் கோத்து எழுதுவார்கள். அப்போது கடவுச்சொல்லில் @ இருந்தால் %40 என்றும், # இருந்தால் %23 என்றும் மாற்றி எழுதுங்கள். இல்லாவிட்டால் முகவரி எங்கே முடிகிறது என்று கருவி குழம்பிவிடும்.

என்னை உறுத்துவது அந்தக் கடைசி வரிதான். கடவுச்சொல் கோப்பில் மறைப்பின்றிக் கிடக்கும். அமைப்புக் கோப்பை அப்படியே கிற்ஹப்பில் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். வளாக மின்னஞ்சலுக்கும் அதே கடவுச்சொல் என்றால் அதுவும் போயிற்று. 'பேசிக்' முறைப் புரொக்ஸியில் கடவுச்சொல் குறிமாற்றம் மட்டுமே செய்யப்பட்டுச் செல்கிறது. அது பூட்டு அல்ல. இடையில் பிடிப்பவர் நொடியில் வாசிக்கலாம்.

பாதுகாப்பான தளங்களில் நீங்கள் வாசிப்பதைப் புரொக்ஸி பார்க்காது. எந்தத் தளம், எத்தனை மணிக்கு என்பவை உங்கள் பெயரின் கீழ் பதிவாகலாம். நிறுவனத்தின் சான்றிதழைக் கணினியில் நிறுவினால் உள்ளடக்கமும் தெரிய வழியுண்டு. ஆகவே ஏன் நிறுவச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். சான்றிதழ்ப் பிழை வந்தால் சரிபார்ப்பை நிறுத்திவிடு என்ற அறிவுரை இணையமெங்கும் உண்டு, அதைக் கேட்காதீர்கள்.

2007 யூனில் தமிழ்நெற் தடுக்கப்பட்டபோதும், 2018 மார்ச்சில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோதும் நம்மவர்கள் இலவசப் புரொக்ஸிகளைத் தேடினார்கள். தேவை உண்மையானது. ஆனால் நடத்துபவர் யாரென்று தெரியாத புரொக்ஸி, யாருடையது என்று தெரியாத சோதனைச்சாவடி. அங்கே எந்தக் கடவுச்சொல்லையும் கொடுக்காதீர்கள்.

வீட்டில் அவருக்குக் கைபேசி இணைப்புத்தான். திருத்தியோ இன்னும் வளாகப் புரொக்ஸியைத் தேடிக்கொண்டிருந்தது. இரண்டு முகவரி வரிகளையும் வெறுமையாக்கினோம், நீட்சி இறங்கியது. திரும்பிப் போனதும் தேவைப்படுமென்று முகவரியைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். கடவுச்சொல்லை எழுதவில்லை.