ஒரு பட்டா மூன்றாவது எப்படி? மைசூர்பாகுத் தட்டில் ஓர் 'உட்பிரிவு' பாடம்

மும்பை செம்பூர் திலக் நகர்க்காரர்களுக்கு ஊர் ரயில் பிடிக்கும் லோக்மான்ய திலக் டெர்மினஸ் கூப்பிடு தூரம். ஊருக்குப் போய்ப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து திரும்பிய பலர் கேட்பது இதுதான்: "பத்திரம் முடிஞ்சாச்சு, பட்டா ஏன் இன்னும் கூட்டாவே இருக்கு?" உட்பிரிவு ஆகவில்லை, அதனால்தான்.

தட்டில் கொட்டி ஆறவைத்த மைசூர்பாகை எடுத்துக்கொள்ளுங்கள். முழுத் தட்டு ஒரு புலம். அதன் சர்வே எண் 125 என்று வைப்போம். முன்பே அதில் கோடு போட்டு 1, 2, 3 என்று பிரித்தாயிற்று. உங்கள் குடும்பத்துத் துண்டு 125/2. பரப்பு 40.5 ஏர், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர். பங்குதாரர் மூவர்.

"இந்தப் பக்கம் அண்ணனுக்கு, அந்தப் பக்கம் தங்கைக்கு" என்று பேசி முடிப்பது பத்திரம். உரிமை அதிலேயே பிரிந்துவிடும். ஆனால் தட்டில் கத்தி படவில்லை. வருவாய்த் துறைப் பதிவேட்டில் துண்டு இன்னும் ஒன்றே. கத்தி இருப்பது நில அளவர் கையில். அவர் எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படத்தோடு வயலுக்கு வந்து, மூலைக் கற்களைத் தேடிப் பிடித்து, பழைய அளவு சரியா என்று பார்த்த பிறகே புதுக்கோடு போடுவார்.

வட்டாட்சியர் அலுவலகம் ஒப்புதல் தந்ததும் 125/2 என்ற எண் மறைந்துவிடும். 125/2ஏ, 2பி, 2சி என்று மூன்று எண்கள், தலைக்கு 13.5 ஏர், சுமார் 33 சென்ட். நாளை 2பி இரண்டானால் 2பி1, 2பி2. எண்ணும் எழுத்தும் மாறி மாறி வருவதால், பட்டாவைப் பார்த்தாலே அந்தத் துண்டில் எத்தனை முறை கத்தி பட்டது என்று சொல்லிவிடலாம்.

உள் + பிரிவு = உட்பிரிவு; 'ள்' வல்லினத்துக்கு முன் 'ட்' ஆகியிருக்கிறது. வேலையின் விதியும் அந்த 'உள்'ளில்தான் இருக்கிறது: வெளி எல்லை அசையாது, பிரிவதெல்லாம் அதற்குள்ளேதான். மூன்று துண்டையும் கூட்டினால் பழைய 40.5 வர வேண்டும். வராவிட்டால் அளவு எங்கோ பிசகியிருக்கிறது. மகாராஷ்டிராவின் 'சாத்-பாரா' நிலப் பதிவேட்டில் சர்வே எண்ணோடு வரும் 'ஹிஸ்ஸா' எண்ணும் இதே வேலையைச் செய்கிறது. ஹிஸ்ஸா என்றால் பங்கு. அரபியிலிருந்து வந்த சொல். தமிழ் எல்லையைப் பார்த்துப் பெயர் வைத்தது, மராத்தி பங்காளியைப் பார்த்து.

ஆகவே பத்திரம் பதிந்த கையோடு, 'உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதல்' என்று கேட்டு விண்ணப்பியுங்கள். இ-சேவை மையத்திலும் கொடுக்கலாம். மும்பையில் இருந்தபடியே 'தமிழ் நிலம்' இணையதளத்திலும் போடலாம். ஆனால் அளக்கும் நாளில் உங்கள் தரப்பில் ஒருவராவது வயலில் நிற்கட்டும். கல் நட்ட பிறகு மும்பையிலிருந்து போனில் சண்டை போட்டுப் பயனில்லை.