குளக்கரையில் கூடும் கோவை

சாயங்காலம் ஆனால் கோவை உக்கடம் பெரியகுளக் கரையில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்த குளம் இது. பொலிவுறு நகரம் திட்டத்தில் கரையைச் சீரமைத்து நடைபாதை போட்டபிறகு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

இப்படிக் கரையில் கூடும் கோவையை வளர்த்தவை ஆலைகள். 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்ததும் நூற்பாலைகள் பெருகின. கூடவே பட்டறைகளும் முளைத்தன. பம்புசெட், மோட்டார், பிறகு வெட் கிரைண்டர் என்று எதையும் செய்துபார்க்கும் கைகள் அங்கே உருவாயின. கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. இட்லி மாவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேண்டுமா!

அப்படி வளர்ந்த ஊரில் 2024இல் உக்கடம் மேம்பாலம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவிநாசி சாலையில் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு இன்னொன்று. அதற்கு ஜி.டி.நாயுடுவின் பெயர், 1937இல் இதே ஊரில் மின்மோட்டார் தயாரித்தவர் அவர்.