மைனிங் எந்திரம்: திரையில் தெரியும் எண்ணை நம்பலாமா?

மைனிங் (எந்திரங்களைக் கணக்குப் போடவைத்து பிட்காயின் ஈட்டுவது) செய்வதாகச் சொன்ன பிட்கிளப் நெட்வொர்க் என்ற அமைப்பில் பணம் போட்டவர்களுக்குத் தினமும் ஒரு கணக்கு காட்டப்பட்டது. மைனிங்கில் இன்று கிடைத்தது இவ்வளவு, அதில் உங்கள் பங்கு இவ்வளவு என்று. 2019 டிசம்பரில் அமெரிக்க அரசு அதை நடத்தியவர்கள்மீது வழக்குத் தொடுத்தபோது, லாபம் வருவதுபோல் தோன்றுவதற்காக அந்த எண்களே திருத்தப்பட்டன என்று குற்றம்சாட்டியது. திரட்டப்பட்ட தொகை குறைந்தது 72.2 கோடி டாலர். அந்த அமைப்புக்கு நிரல் எழுதியவர் 2020-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. பிட்காயின் மைனிங்கைக் காட்டி, மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதங்களுக்குத் தருவதாக ஆசை காட்டியது கெயின்பிட்காயின் திட்டம். 2018-ல் புனே காவல்துறை அதை நடத்தியவர்களைக் கைது செய்தது. வழக்கு பிறகு சிபிஐ கைக்குப் போனது.

இரண்டிலும் பணம் போட்டவர்களிடம் இருந்தது ஒரே ஒரு கணக்கு, அதுவும் பணத்தை வாங்கியவர் எழுதியது. சொந்தமாக எந்திரம் வாங்குபவரும், வாங்கிய எந்திரத்தை வேறொருவர் இடத்தில் ஓடவிடுபவரும் இதே நிலையில் சிக்கிக்கொள்ளக் கூடாது. அதற்கு, எந்திரத்தின் நிலையைத் தாமே பார்த்துப் பதிவு செய்யும் பழக்கம் வேண்டும். பழுதைக் காட்டிக்கொடுப்பதும், தகராறு வந்தால் சாட்சியாக நிற்பதும் அந்தப் பதிவுதான்.

எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஹாஷ்ரேட், அதாவது எந்திரம் ஒரு நொடியில் போடும் கணக்குகளின் அளவு. ஆன்ட்மைனர் எஸ்19 ப்ரோ என்ற மைனிங் எந்திரத்துக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவு 110 டெராஹாஷ். அதனுள் சிப்கள் பொருத்திய மூன்று ஹாஷ்போர்டுகள் உள்ளன. அளவு திடீரென 73 டெராஹாஷ் பக்கம் இறங்கினால், ஒரு போர்டு நின்றுபோயிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்தது சிப்பின் வெப்பம், மின்விசிறியின் வேகம். அறையின் சூடு மாறாதபோதும் வெப்பம் நாளுக்கு நாள் ஏறினால் தூசி அடைத்திருக்கலாம், அல்லது மின்விசிறி தேய்ந்திருக்கலாம்.

எந்திரத்தின் திரை சொல்வதோடு நின்றுவிடக் கூடாது. பலரது எந்திரங்களின் உழைப்பைச் சேர்த்து வருமானத்தைப் பிரித்துத் தரும் பூல், தனக்கு வந்துசேர்ந்த வேலையை வைத்துத் தனியாக ஒரு ஹாஷ்ரேட்டைக் கணக்கிடுகிறது. சில நிமிடங்களுக்கு அது ஏறி இறங்குவது இயல்பு. 24 மணி நேரச் சராசரியை எடுத்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். எந்திரம் 110 என்று காட்ட, பூல் நாள்தோறும் வெகுவாகக் குறைத்துக் காட்டினால், இணைப்புக் கோளாறு இருக்கலாம். இல்லையென்றால் உழைப்பின் ஒரு பகுதி வேறொருவர் கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

எங்கிருந்து ஆபத்து வருகிறது?

2019 தொடக்கத்தில் சீனாவிலிருந்து ஹான்ட் என்ற தீநிரல் பற்றிய செய்தி வந்தது. அது ஆன்ட்மைனர் எந்திரங்களை முடக்கி, 10 பிட்காயின் கேட்டது. தராவிட்டால் மின்விசிறியையும் அதிவெப்பப் பாதுகாப்பையும் நிறுத்தி எந்திரத்தைப் பொசுக்கிவிடுவதாக மிரட்டியது. பல ஆன்ட்மைனர்கள் கடையிலிருந்து வரும்போது பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுமே 'ரூட்' என்றுதான் இருக்கும். முதல் நாளே அதை மாற்ற வேண்டும். எந்திரத்தை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை முன்பின் தெரியாத இடத்திலிருந்து இறக்கக் கூடாது.

தயாரிப்பாளரின் ஃபர்ம்வேரும் சோதனைக்கு அப்பாற்பட்டது அல்ல. எந்திரத்தைத் தொலைவிலிருந்தே நிறுத்தக்கூடிய ஒரு வழி ஆன்ட்மைனரைத் தயாரிக்கும் பிட்மெயின் நிறுவனத்தின் ஃபர்ம்வேரில் இருப்பது 2017 ஏப்ரலில் வெளியே வந்தது. ஆன்ட்பிளீட் என்று பெயர்பெற்ற விவகாரம் இது. உரிமையாளர்கள் தங்கள் எந்திரத்தைக் கட்டுப்படுத்துவதற்காகத் தொடங்கி, முடிக்காமல் விட்ட வசதி என்று விளக்கம் சொன்ன நிறுவனம், அதை நீக்கிப் புதிய ஃபர்ம்வேர் தந்தது.

வீட்டில் ஓட்டுபவருக்கு மின்சாரமும் ஓர் ஆபத்து. எஸ்19 ப்ரோ எடுப்பது சுமார் 3,250 வாட், ஒரு நாளைக்கு 78 யூனிட். 14 ஆம்பியர் மின்னோட்டம் இரவு பகலாக ஓடும்போது, தளர்ந்த பிளக்கும் மெலிந்த வயரும் சூடேறித் தீப்பிடிக்கலாம். தனி சர்க்யூட்டும் தகுந்த பிரேக்கரும் கட்டாயம். அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டுக்கு மாறாக மின்சாரத்தைப் பயன்படுத்தினால், மின்சாரச் சட்டம் 2003-ன் 126-ஆவது பிரிவின்படி இருமடங்கு கட்டணம் விதிக்கப்படும். தொடங்கும் முன்பே மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

வரிக் கணக்கும் கடினமானது. கிரிப்டோவை விற்று வரும் வருமானத்துக்கு வரி 30 சதவீதம். மைனிங் எந்திரம் போன்ற கட்டமைப்புச் செலவை வாங்கிய விலையாகக் கழிக்க முடியாது என்று 2022 மார்ச்சில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது.

ஏமாந்தால் எங்கே போவது?

எந்திரத்தைப் பிறர் இடத்தில் வைப்பவர் ஒப்பந்தத்தில் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: எந்திரத்தின் வரிசை எண், தம் பெயரிலேயே பூல் கணக்கு, எந்திரம் நின்ற நேரத்துக்கு இழப்பீடு. பூல் கணக்கு தம்மிடம் இருந்தால் எந்திரம் உழைக்கிறதா என்று எவர் தயவும் இல்லாமல் பார்க்கலாம்.

விற்பவர் பழுதான எந்திரத்தைத் தலையில் கட்டினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் வணிக நோக்கத்துக்காக வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. சுயதொழிலாக, பிழைப்புக்காக வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு உரிமையியல் நீதிமன்றமே வழி.

பிறர் எந்திரத்துக்குள் அத்துமீறி நுழைவதும் தீநிரலை ஏற்றுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆவது பிரிவுகளின்கீழ் குற்றம். மூன்று ஆண்டுகள்வரை சிறையோ 5 லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பணம் பறிபோனது தெரிந்ததும் 1930-ஐ அழைக்க வேண்டும்; தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிய வேண்டும். எந்திரத்தை அழித்து மறுபடி நிறுவும் முன் அதன் லாக் கோப்புகள், பூல் பதிவுகள், பணம் செலுத்திய ரசீதுகள் ஆகியவற்றைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ஆவது பிரிவின்படி, நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவின் பிரதியோடு சான்றிதழும் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே அந்தக் கோப்புகளைத் திறந்து திருத்தாமல், எடுத்தபடியே வழக்கறிஞரிடம் ஒப்படையுங்கள்.