மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், தெரியுமா?

மே மாதம் பன்னிரண்டு மணி வெயிலில் சென்னையை ஒட்டிய பம்மலில் மொட்டை மாடி ஒன்றில் ஏறி, உங்கள் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? தெற்குப் பக்கம்! அப்படியென்றால் சூரியன்? வடக்கே! நாம் இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் 24, 25 வாக்கில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து, அதையும் தாண்டி வடக்கே போய்விடுகிறது. திரும்பி வருவது ஆகஸ்ட் 18 வாக்கில்தான். கிட்டத்தட்ட நான்கு மாதம்! "வடக்கு பார்த்த மனை சார், வெயிலே படாது" என்று விற்றவரை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அப்படிப் போனாலும் உச்சியை விட்டுப் பத்தரை டிகிரிக்கு மேல் அது விலகுவதில்லை. அதாவது மத்தியான வெயிலை வாங்குவது சுவர் இல்லை, கூரை. நாமோ எலிவேஷனுக்கு லட்சக்கணக்கில் கொட்டுகிறோம். கூரைக்கு? ஐந்து அங்குல கான்கிரீட், மேலே ஒரு சிமென்ட் பூச்சு, முடிந்தது கதை.

அந்த ஐந்து அங்குலம் செய்கிற வேலையைக் கேளுங்கள்! பகலெல்லாம் குடித்த சூட்டை அது உடனே தருவதில்லை. பொறுத்திருந்து, நீங்கள் பாய் விரித்த பிறகு கொடுக்கும். ஒரு நாள் இரவு பத்து மணிக்கு ஸ்டூலில் ஏறி எங்கள் வீட்டு மேல்தளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இறக்கி வைத்த தோசைக்கல் ஆறிக்கொண்டிருப்பது போல இருந்தது. கீழே மின்விசிறி சுற்றி, அந்தச் சூட்டைத்தான் பங்கு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இதை எகிப்தில் ஒருவர் அளந்தே காட்டிவிட்டார், தெரியுமா? கட்டிடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி. 1964-இல் கெய்ரோவில் இரண்டு சோதனை அறைகள். ஒன்று அரை மீட்டர் தடிமனில் மண் சுவரும் மண் வளைவுக் கூரையும். மற்றது பத்து சென்டிமீட்டர் கான்கிரீட் பலகை. மண் அறைக்குள் 24 மணி நேரத்தில் வெப்பம் ஏறி இறங்கியது வெறும் 2 டிகிரி! கான்கிரீட் அறையோ 36 டிகிரிக்குப் போனது. வெளியில் இருந்ததைவிட 9 டிகிரி அதிகம்! வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் ஓடினால், வீடு வெயிலைவிடச் சூடு!

சரி, அப்படியே பாலைவன வீட்டைத் தூக்கி வந்து பம்மலில் வைத்துவிடலாமா? இங்கேதான் எனக்கு வேறு எண்ணம். பாலைவனக் காற்று வறண்டது. பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி வானம் இழுத்துக்கொள்ளும். அந்த ஒரு குணத்தை நம்பி ஈரான்காரர்கள் ஐஸ்கட்டியே தயாரித்தார்கள்! குளிர்கால இரவுகளில் ஆழமில்லாத குட்டைகளில் தண்ணீரை உறைய விட்டு, மண்ணால் கட்டிய பெரிய கூம்புக்குள் கோடை வரை சேமித்தார்கள். மெட்ராஸ்? பாஸ்டனிலிருந்து கப்பலில் ஐஸ் இறக்குமதி! அதை வைக்க 1842-இல் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். நமக்கு மேலே ஈரக்காற்று கம்பளி மாதிரி கிடக்கிறது. சூடு சுலபத்தில் மேலே போகாது.

அதனால் பாலைவனத்து வீடு பகலில் கதவைச் சாத்திக்கொண்டு பிழைக்கும். பம்மல் வீடு திறந்துவிட்டால்தான் பிழைக்கும். நம் ஏ.சி. மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று. அது தாமதிக்கிற நாளில்தான் மீனம்பாக்கம் வானிலை நிலையத்து வெப்பமானி எகிறுகிறது. சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கூரையில் காற்றுவாங்கி இருந்தது, எல்லாம் கடற்காற்று வரும் திசையையே பார்த்தபடி! நாமோ அந்தப் பக்கத்துச் சுவரில் பாத்ரூமை வைக்கிறோம்.

கூரைக்கு மருந்து நம் ஊர்ப் பெயரிலேயே இருந்தது. மெட்ராஸ் டெரஸ்! நெருக்கமாக மர உத்திரக் கட்டைகள், அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைக் குறுக்கே சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் கட்டு. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து. கடைசியில் தட்டோடு. இன்று மர உத்திரத்துக்கு எங்கே போவது? ஆனால் கான்கிரீட்டின் மேல் அந்தச் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் போடலாமே. "வெயிட்டு சார், டைமும் ஆகும், கூல் டைல்ஸ் ஒட்டிடலாம்" என்பார் மேஸ்திரி. அதுவாவது ஒட்டட்டும்! சுவருக்கு, கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு இருக்கிறது: செங்கல்லை நிறுத்தி வைத்து, நடுவில் காற்று அடைத்த இடைவெளி. சூடும் குறையும், செங்கல்லும் நாலில் ஒரு பங்கு மிச்சம்.

இன்னொன்று, அதே மாடியில் விழும் மழை. ஜெய்சல்மரில் ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். அந்தப் பக்கத்து ஜனங்கள் அதையும் நிலத்தடித் தொட்டியில் பிடித்துக் குடிக்கிறார்கள். நமக்கு சுமார் 1,400! அறுநூறு சதுர அடி மாடியில் விழுவதை முழுதும் பிடித்தால் 78,000 லிட்டர், பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரிக் கணக்கில் ஆறரை லாரி! தோல் பதனிடும் ஆலைகளால் கிணறு கெட்ட பம்மல் பகுதியில் இது விளையாட்டுக் கணக்கு இல்லை.

நான் செய்தது சின்ன வேலை. போன கோடையில் பாதி மாடிக்கு மட்டும் சுண்ணாம்பில் கோந்து கலந்து இரண்டு கை அடித்தேன். மூன்று மணிக்கு வெறுங்காலோடு இறங்கிப் பார்த்தேன். சிமென்ட் பக்கம் நாலு தாவலில் வெளியே குதித்துவிட்டேன்; வெள்ளைப் பக்கம் நின்று பேப்பர் படிக்கலாம். கண் கூசும், அவ்வளவுதான். மீதியையும் அடிக்கப் போனபோது அம்மா தடுத்துவிட்டார். வெள்ளைத் தரையில் வடாம் காய ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கிறதாம். தொட்டிப் பக்கத்துப் பாதி இன்னும் சாம்பல் நிறமாகவே கிடக்கிறது.